கும்மிடிப்பூண்டி இரவுக்கு ஏற்ற கள்ளி

கள்ளிச்செடி வாங்குகிறவருக்கு நர்சரியில் கிடைக்கும் பாடம் ஒரே வரிதான்: நல்ல வெயிலில் வையுங்கள், வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று பழவேற்காடு ஏரியை ஒட்டி நீளும் சமவெளியில், இந்தப் பாடத்தை அச்சுப் பிசகாமல் கடைப்பிடிக்கிறவர்களின் தொட்டிகளும் கார்த்திகைக்குள் காலியாகிவிடுகின்றன. பந்து போல இருக்கும் மஞ்சள் முள்ளுக் கள்ளியின் அடிப்பகுதி முதலில் தேன் நிறத்தில் ஊறிப்போகும். விரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கும். மேல்பகுதி பச்சையாகவே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. ஒருநாள் தொட்டியை நகர்த்தும்போது செடி மட்டும் வேரை விட்டுவிட்டுக் கையோடு வந்துவிடும். தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்கு இந்த ஊரின் இரவைத்தான் விசாரிக்க வேண்டும். ஒரு கள்ளி எந்த நிலத்திலிருந்து வந்தது, அங்கே இரவு எவ்வளவு குளிரும், மழைநீர் வேரருகில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்காமல், கள்ளி என்றாலே பாலைவனம் என்று நினைத்து வளர்ப்பதுதான் கோளாறு. கேட்டுப் பார்த்தால், இந்தச் சமவெளிக்குப் பொருந்துவது பார்வைக்குக் கள்ளி போலவே இல்லாத ஒரு கள்ளி: முள் இல்லாமல், பட்டை பட்டையாகத் தொங்கி, ராத்திரியில் பூக்கிற நிஷாகந்தி. பிரம்ம கமலம் என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது இதுதான். (இமயமலையில் பூக்கும் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பத்துச் செடி, அதற்கும் இதற்கும் உறவு கிடையாது.)

இரவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? நெல்லும் வேம்பும் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுத்து, அப்போதைக்கப்போது வெயிலைக் கொண்டு மாவுச்சத்தாக்கிக் கொள்கின்றன. துளை திறந்திருக்கும் நேரமெல்லாம் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போய்க்கொண்டேயிருக்கும். கள்ளிகள் இந்த இழப்பைத் தவிர்க்க வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டவை. பகலில் துளைகளை மூடிவிட்டு, காற்று குளிர்ந்த பிறகு இரவில் திறக்கின்றன. உள்ளே வரும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாக்கித் தண்டின் செல்களில் சேர்த்து வைக்கின்றன. விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவைப் பிரித்தெடுத்து வெயிலில் உணவு சமைக்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டை பாஷையில் சொன்னால், சரக்கு இறக்குவது நைட் ஷிப்டில், உலை எரிவது பகல் ஷிப்டில். ஒரு கிராம் கரியமில வாயுவைப் பிடிக்க நெல் போன்ற செடி நானூறு, ஐந்நூறு கிராம் தண்ணீரைச் செலவழிக்கும் என்றால், இவ்வகைச் செடிகள் நூறு கிராமுக்குள் முடித்துவிடும்.

இந்த ஏற்பாட்டை உலகுக்கு முதலில் எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் சென்னை மாகாணத்தோடு சம்பந்தப்பட்டவர் என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை. பெஞ்சமின் ஹைன் என்ற ஜெர்மானியர் தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, 1819இல் சென்னையில் இறந்தவர். ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் புளிக்கிறது, நண்பகலுக்குள் சுவையற்றுப் போகிறது, மாலையில் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815இல் லண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் வெளியானது. ரணகள்ளி கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் இரவில் அமிலம் சேர்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். ஹைனுக்கு நாக்குதான் ஆய்வுக்கூடம். ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் நச்சுப்பொருள்கள் உண்டு என்பதால் இன்று அதை மென்று பார்ப்பது வேண்டாம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் கிடைக்கும் அமிலத்தன்மை காட்டும் காகிதம் போதும். நிஷாகந்தியின் தண்டில் ஒரு துண்டை விடியற்காலையிலும் இன்னொன்றை மாலையிலும் நசுக்கி அதில் தொட்டுப் பார்த்தால் நிறம் மாறுவது தெரியும்.

அமிலம் எவ்வளவு சேரும் என்பதை இரவின் வெப்பம் தீர்மானிக்கிறது. கள்ளிகளை அளந்து ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் பார்க் நோபெலின் ஆய்வுகளில், சப்பாத்திக்கள்ளி இனங்களுள் ஒன்று இரவில் பதினைந்து டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் அதிகமாக வாயுவைப் பிடித்தது. வெப்பம் கூடக் கூடச் செடியின் சுவாசமும் கூடுகிறது. பிடித்ததில் ஒரு பங்கு அங்கேயே கரைந்துவிடுகிறது. இப்போது நம் ஊரைப் பார்ப்போம். சென்னையை ஒட்டிய கடலோரத்தில் மே மாதத்து இரவின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பமே இருபத்தெட்டு டிகிரிதான். நாம் போர்வை தேடும் மார்கழி, தையில்கூட இருபதை ஒட்டித்தான் நிற்கும். மஞ்சள் முள்ளுக் கள்ளியின் சொந்த ஊரான மத்திய மெக்சிகோ, கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே பகல் எவ்வளவு கொதித்தாலும் இரவில் வெப்பம் இறங்கிவிடும். ஆக, கும்மிடிப்பூண்டிக் கோடையில் அந்தச் செடி பகல் வெயிலைத் தாங்கிக்கொள்கிறது. இரவில் அதற்குச் சாப்பாடு குறைகிறது. இப்படி அரைப்பட்டினியில் சேமிப்பைத் தின்று ஐப்பசி வரை வந்து சேரும் செடியின் தலையில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. சென்னைக் கடலோரத்தின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் இந்தப் பருவமழையின் மூன்று மாதங்களில் கொட்டுவது. வெயில் இல்லை, காற்றில் ஈரம் எண்பது விழுக்காட்டைத் தாண்டுகிறது, தொட்டி மண் நாள்கணக்கில் காய்வதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டியது போன்ற மழையென்றால் கேட்கவே வேண்டாம். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? வேரழுகல் வந்த பிறகு மருந்து தேடுவதைவிட, செடி ஏன் அதற்கு இடம்கொடுத்தது என்று கேட்பதே பயன் தரும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இரவுச் சூடுதான் கேடு என்றால், சப்பாத்திக்கள்ளி இந்த மாகாணத்தையே எப்படி வளைத்துப் போட்டது? அந்தக் கதை சென்னையோடு பின்னிக் கிடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனியின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சிவப்புச் சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை வளர்க்கலாம் என்று சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார். 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த பூச்சியோ நல்ல சாயம் தரும் இனமே அல்ல. அதன் தரக்குறைவான உறவு. சாயத்தொழில் படுத்தது. ஆனால் அந்தப் பூச்சி, வேலிகளிலும் வயல் ஓரங்களிலும் பரவியிருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்துவிட, 1836 முதல் 1838 வரை தென்னிந்தியாவில் அதை வேண்டுமென்றே பரப்பினார்கள். களையை ஒழிக்கப் பூச்சியை ஏவி வென்ற உலகின் முதல் நிகழ்வு என்று உயிரியல் நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. மிஞ்சியிருந்த இன்னோர் இனத்தை அந்தப் பூச்சி தொடவில்லை. அதற்கு 1926இல் இலங்கை வழியாக வேறொரு கொச்சினீல் இனத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. இத்தனை செழிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஆட்சேபமே என் பக்கம் சாட்சி சொல்கிறது. முதல் இனம் பிரேசில் முதல் அர்ஜென்டினா வரையிலான கிழக்குக் கரைப் பகுதிக்குரியது. இரண்டாவது கரீபியக் கடற்கரைக்காரி. சூடான இரவு, உப்புக் காற்று, புயல் மழை எல்லாம் அதற்குப் பழக்கம். நம் கடலோர மணல்மேடுகள் அதற்குப் பிறந்த வீட்டைப் போலத்தான் இருந்திருக்கும். மெக்சிகோ மேட்டுநிலத்தின் உருண்டைக் கள்ளி எதுவும் தமிழ்நாட்டில் களையானதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் வெப்பமான ஈரநிலத்திலேயே பிறந்த கள்ளி எது? கள்ளிக் குடும்பத்தில் ஒரு கிளை பாலையை விட்டுக் காட்டுக்குள் போய் மரமேறிவிட்டது. மரக்கிளைகளின் இடுக்குகளில் சேரும் இலைமக்கில் வேர்விட்டு, பிறர் உணவைத் திருடாமல் தொற்றி வாழும் செடிகள் அவை. அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே மனிதர் கைபடாமல் பரவியதாகக் கருதப்படும் ஒரே கள்ளியும் இந்த வாழ்க்கை முறையைக் கொண்டதுதான்: ரிப்சாலிஸ் பாக்சிஃபெரா, ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் நமக்குப் பக்கத்தில் இலங்கையிலும் காட்டு மரங்களில் தொங்குகிறது. நிஷாகந்தியின் அறிவியல் பெயர் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டலம். தெற்கு மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா வரையிலான ஈரக்காடுகள் அதன் தாயகம். இலை என்று நாம் நினைக்கும் பச்சைப் பட்டை உண்மையில் தட்டையான தண்டு. அதன் ஓரத்து வெட்டுகளை உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு புள்ளி தெரியும். மற்றக் கள்ளிகளில் முள் முளைப்பதும் பூ பிறப்பதும் அந்தப் புள்ளியில்தான். இதில் முள் மறைந்துவிட்டது, பூ மட்டும் அங்கிருந்தே புறப்படுகிறது. இலையிலிருந்து பூ பூக்கும் அதிசயம் என்று படம் எடுத்துப் பரப்புகிறவர்கள் பார்ப்பது ஒரு தண்டு பூப்பதைத்தான்.

இந்தக் கிளையின் தேவைகளை அளந்து சொன்னது இஸ்ரேலின் நெகேவ் பாலைவனம் என்பது ஒரு முரண். நிஷாகந்தியின் நெருங்கிய உறவான டிராகன் பழக் கொடியை அங்கே வளர்க்க முயன்ற பென் குரியன் பல்கலைக்கழகத்தின் யோசெஃப் மிஸ்ராஹி குழுவினர், திறந்த வெயிலில் தண்டு வெளுத்துப் போவதைக் கண்டு, முப்பது முதல் அறுபது விழுக்காடு வரை நிழல்வலை தேவை என்று கண்டறிந்தார்கள். பகல் முப்பது, இரவு இருபது டிகிரி அதற்கு உகந்தது என்றும் ஆய்வுகள் காட்டின. மே மாதத்துக் கும்மிடிப்பூண்டி இரவு இதற்கும் கூடுதல்தான். அக்னி நட்சத்திரத்தில் நிஷாகந்தி வாடி நிற்பதற்கு அதுவும் காரணமாகலாம். ஆனால் ஆடியில் மாலை மழை இரண்டு பெய்து இரவு வெப்பம் இறங்கியவுடன் அது புதுத் தண்டு விடுகிறது; மேட்டுநிலத்துக் கள்ளிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இந்தக் கிளை நம் ஊரில் தாக்குப்பிடிப்பதற்குச் சாட்சியாக, சிவப்பு, மஞ்சள் உருண்டை தலையில் உட்கார்ந்திருக்கும் ஒட்டுக்கள்ளியைப் பாருங்கள். அந்த வண்ண உருண்டையில் பச்சையம் கிடையாது, தானாக உணவு செய்ய வராது. கீழே முக்கோணத் தண்டாக நின்று அதற்குச் சோறு போடுவது டிராகன் பழக் கொடிதான். உருண்டை போன பிறகும் அடித்தண்டு மட்டும் கிளைத்துச் செழித்து நிற்பதைப் பல பால்கனிகளில் பார்க்கலாம்.

இனி வளர்ப்பு. காட்டு மரத்தில் தொற்றிய வேர் தினம் நனையும், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். தொட்டியில் நாம் உண்டாக்க வேண்டியது அந்த நிலையைத்தான். வண்டல் மண்ணும் தோட்டத்துச் செம்மண்ணும் மழையில் இறுகிவிடும். கடல் மணல் கூடவே கூடாது. எம்-சாண்டோடு வரும் மாவுத்தூளும் வடிகாலை அடைத்துவிடும். இப்பகுதிச் செங்கல் சூளைகளில் உடைந்த கல்லைச் சுண்டைக்காய் அளவுக்கு நொறுக்கி ஒரு பங்கு, தேங்காய் மட்டைத் துண்டு ஒரு பங்கு, நன்றாக மக்கிய இலை எரு ஒரு பங்கு, அதோடு இரண்டு கை உமிக்கரி. அரிசி ஆலைகள் நிறைந்த செங்குன்றம் பக்கத்தில் உமிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கறுப்பாகக் கரியான உமியைத்தான் வாங்க வேண்டும். முழுதும் எரிந்து சாம்பலானது காரத்தன்மை கொண்டது. மட்டைத் துண்டை முதலில் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்து அலசிவிட்டால் அதிலுள்ள உப்பு போய்விடும். நடுவதற்கு விரல் நீளத் தண்டைவிட ஒரு சாண் தண்டு நல்லது. வெட்டிய உடனே நடாமல் ஒரு வாரம் நிழலில் கிடக்கவிட்டு, வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டிய பிறகு நட வேண்டும். இதை ஐப்பசியில் செய்தால் வெட்டுவாய் காய்வதற்குள் அழுகிவிடும்.

மண்ணைவிட இந்தப் பகுதியில் கவலைப்பட வேண்டியது தண்ணீர். மீஞ்சூரை ஒட்டிய ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால், 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் நிலத்துக்கடியில் உள்ளே நகர்ந்து வந்திருப்பது நன்கு ஆவணப்படுத்தப்பட்ட சங்கதி. போர் தண்ணீர் ஊற்றிய மண் தொட்டியின் வெளிப்பக்கத்தில் சில மாதங்களில் வெள்ளைப் பூச்சு படியும். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும். அது உப்பு. மரக்கிளையில் மழைநீரை மட்டுமே குடித்து வளர்ந்த பரம்பரைக்கு இந்த உப்பு ஆகாது. தண்டின் நுனி பழுப்பாகிச் சுருங்குவது பெரும்பாலும் இதனால்தான். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று செடிக்கு ஊற்றும் நல்ல மனது இருக்கிறதே, அது இந்தச் செடிக்கு இரட்டை உப்பு. 2003இலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழாயின் வாயில் ஒரு டிரம் வைத்தால் தீர்ந்தது. மேல்மண் தொட்டால் காய்ந்தவுடன் தண்ணீர். கோடையில் இரண்டு நாளைக்கொரு முறைகூடத் தேவைப்படும். நீர் சேமிக்கும் பருத்த உடம்பு இதற்கு இல்லாததால், வாரம் ஒருமுறை என்ற விதி இங்கே செல்லாது. இடம் என்று பார்த்தால், காலை வெயில் படும் கிழக்கு வராந்தாவின் கம்பி ஜன்னல் போதும். லைன் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அது தோது. மேற்கே பார்த்த தகரக் கூரையடி ஆகாது, கூரை மாலை வரை அனல் கக்கும். உருக்கு ஆலைகளும் ரோலிங் மில்களும் உள்ள இடத்தில் கருந்தூசி படிவதைத் தவிர்க்க முடியாது. பட்டைத் தண்டின் மேல் படியும் தூசி வெளிச்சத்தை மறைக்கும். மாதம் இருமுறை ஈரத்துணியால் துடைப்பது எளிது. முள்ளுக் கள்ளியில் இந்த வேலையை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

தூசிப் பேச்சு வந்ததால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கள்ளி வகைகள் இரவில் ஆக்சிஜன் தரும், படுக்கையறையில் வைத்தால் ஆலைப் புகை சுத்தமாகும் என்று சொல்லி விற்கிறார்கள். இரவில் இச்செடி கரியமில வாயுவை வாங்குவது உண்மை. ஆக்சிஜன் பிறப்பதோ வெளிச்சத்தில் நீர் உடைபடும்போது. அது பகல் வேலை. காற்றுச் சுத்திகரிப்புப் பேச்சுக்கு மூலம் 1989இல் நாசா மூடிய சிறு பெட்டிகளில் நடத்திய சோதனை. அதுபோன்ற ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வு, ஒரு கட்டடத்தின் சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வேண்டும் என்று சொன்னது. ஆலைப் புகையைத் தடுக்க வேண்டிய இடம் புகைபோக்கி.

பூ வேண்டும் என்பவர் இரண்டு மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும். பெரிய தொட்டியும் யூரியாவும் நீளமான சாட்டைகளைத்தான் வளர்க்கும்; வேர் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும் தொட்டியில் மொட்டு விரைவில் வருகிறது. மொட்டு வந்த மூன்று நான்கு வாரமும் தொட்டியைத் திருப்பாமல், மண் காயவிடாமல் இருக்க வேண்டும். கீழ்நோக்கித் தொங்கும் மொட்டின் காம்பு கொக்கியாக வளைந்து முகத்தை மேலே தூக்கிவிட்டால் அன்றோ மறுநாளோ இரவு விரியும், விடிவதற்குள் துவண்டுவிடும். ஒரே தெருவில் பல வீடுகளில் ஒரே இரவில் பூப்பதைத் தெய்வச் செயல் என்பார்கள். ஒரு தாய்ச்செடியின் தண்டை ஒடித்து ஒடித்துத் தெருவெல்லாம் கொடுத்திருந்தால் அவை மரபால் ஒரே செடி, மழையும் ஒன்றே. சேர்ந்து பூக்காவிட்டால்தான் ஆச்சரியம். பூத்து முடிந்த தண்டை வெட்ட வேண்டாம், மீதமுள்ள புள்ளிகளில் அடுத்த ஆண்டும் மொட்டு வரும். எறும்பு வரிசை ஏறினால் தண்டின் அடியில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, வேப்பெண்ணெய்க் கரைசலால் துடைத்துவிடலாம்.

கடைசியாக, சென்னை மாடிகளில் நூற்றுக்கணக்கான உருண்டைக் கள்ளிகளை அழகாக வளர்ப்பவர்கள் இருக்கிறார்களே என்ற கேள்வி. இருக்கிறார்கள். மழை படாத கண்ணாடிநிறத் தகடு, நாலாபுறமும் காற்று, ஏறக்குறைய முழுக்கவும் கல்லாலான கலவை, தேவைப்பட்டால் ஒட்டு என்று செயற்கையாக ஒரு மேட்டுநிலத்தையே கட்டியிருக்கிறார்கள். இடமும் பணமும் பொழுதும் உள்ளவர்களுக்கு அது முடியும். என் வாதத்தை அவர்களுடைய ஷெட்டே ஒப்புக்கொள்கிறது. ஆனால் அரிய இனம் என்று ஆசைப்படும்போது செடி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். 2015இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி கள்ளி இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழியும் நிலையில் உள்ளன. சேகரிப்போரின் ஆசையும் அதற்கு ஒரு காரணம். விதையிலிருந்து நர்சரியில் வளர்த்ததை மட்டும் வாங்குவது குறைந்தபட்ச நாகரிகம். முள்ளும் உருண்டையும்தான் வேண்டும், ஷெட் போட வசதியில்லை என்பவருக்கும் அதே கேள்வியைக் கேட்டால் விடை கிடைக்கும்: சூடான இரவுள்ள கடற்கரையிலிருந்து வந்த உருண்டைக் கள்ளி எது? மெலோகாக்டஸ். கரீபியத் தீவுகளிலும் பிரேசிலின் கரையோர மணலிலும் வளரும் இனங்கள் இதில் உண்டு. வயது வந்ததும் உச்சியில் சிவப்புத் தொப்பி போட்டுக்கொள்ளும். அதற்குக் குளிர்தான் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தி வைத்தால், பழவேற்காட்டுக் காற்றிலும் அது நிற்கும்.